25 ஆண்டுக்குக் கட்டிய வீடு

மாஸ்கோவில் கிரெம்ளினுக்குத் தென்மேற்கே, ஆற்றங்கரையில் ஒரு மேடு இருக்கிறது. சோவியத் நாட்டில் பெரிதாகக் கட்டுவது என்றால் என்னவென்று அந்த ஒரு மேட்டை வைத்தே சொல்லிவிடலாம். கிறிஸ்து மீட்பர் பேராலயம் அங்கேதான் இருந்தது. கட்டி முடிக்க நாற்பது ஆண்டுக்கு மேல் பிடித்த அந்தப் பேராலயம் 1883-இல் திறக்கப்பட்டது. 1931 டிசம்பர் 5 அன்று வெடி வைத்துத் தகர்த்தார்கள். அதே இடத்தில் சோவியத்துகளின் மாளிகை வரவேண்டும் என்று ஏற்பாடு. போரிஸ் இயோஃபான் தலைமையில் வரைந்த திட்டப்படி மாளிகையின் உயரம் 400 மீட்டரைத் தாண்டும். உச்சியில் லெனின் சிலை மட்டுமே ஏறக்குறைய 100 மீட்டர். அஸ்திவாரம் போட்டு எஃகுச் சட்டமும் எழும்பிக்கொண்டிருந்த நேரத்தில் ஜெர்மானியப் படை நாட்டுக்குள் நுழைந்தது. சட்டத்தைக் கழற்றிப் பாலங்களுக்கும் டாங்கித் தடுப்புகளுக்கும் அனுப்பினார்கள். போர் முடிந்து பல ஆண்டுகள் அங்கே வெறும் பள்ளம்தான். 1960-இல் அந்தப் பள்ளத்தையே வட்டமான ஒரு நீச்சல்குளமாக்கினார்கள்.

நான் பார்த்தது அந்தக் குளத்தைத்தான்.

1983-இல் லுமும்பா பல்கலைக்கழகத்தில் கட்டுமானப் பொறியியல் படிக்கப் போனேன். முதல் ஆண்டு முழுக்க ரஷ்ய மொழிப் பாடம். கும்பகோணத்துப் பக்கம் காவிரியில் நீந்தப் பழகியவனுக்கு அந்தக் குளிர்காலத்தில் எதிலும் மனம் ஒட்டவில்லை. அதைப் பார்த்துவிட்டு, எனக்கு மூன்று ஆண்டு முன்னே வந்திருந்த தூத்துக்குடி அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை அங்கே இழுத்துக்கொண்டு போனார். வெளியே நீர் உறையும் குளிர். குளமோ சுமார் 130 மீட்டர் விட்டத்தில் வானத்தைப் பார்த்துத் திறந்து கிடந்தது. ஆண்டு முழுவதும் தண்ணீரைச் சூடாக்கி வைத்திருந்தார்கள். உடை மாற்றும் இடத்திலிருந்து தண்ணீர் வழியாகவே வெளியே நீந்திப் போகலாம், பனியில் கால் வைக்க வேண்டாம். வெளியே வந்தால் ஒன்றும் தெரியாது. ஆவி. விளக்குக் கம்பங்களின் வெளிச்சம் மட்டும் மங்கலாக, அதற்குள் யாரோ சிரிப்பதும் யாரோ மூச்சு வாங்குவதும் கேட்கும். ரப்பர் தொப்பிக்கு வெளியே நீட்டிய முடி விறைத்துக் கம்பியாகிவிடும்.

"எலே, காதை வெளியே வைக்காதே, தலையோட முங்கு" என்றார் அண்ணன்.

முங்கினேன். அந்த நகரத்தில் நான் முதன்முதலாக நிம்மதியாக மூச்சு விட்டது அன்றைக்குத்தான்.

அந்தத் தண்ணீரில் மந்திரியும் இல்லை, ராணுவ அணிவகுப்பும் இல்லை. தொழிற்சாலைப் பெண்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஓய்வூதியக்காரர்கள், எங்களைப் போன்ற ஆப்பிரிக்க, ஆசிய மாணவர்கள். உலகத்திலேயே உயரமான கட்டடத்தைக் கட்ட நினைத்த இடத்தில், அதைக் கட்ட முடியாமல் போனதால், ஊர் மக்களுக்கு ஒரு குளம் கிடைத்தது. எதிரே இருந்த புஷ்கின் அருங்காட்சியகம், ஆவியால் தன் ஓவியங்கள் கெடுகின்றன என்று முறையிட்டுக்கொண்டிருந்தது. அந்த முறையீட்டிலும் நியாயம் இருந்தது.

2018-இல் மறுபடி போனபோது குளம் இல்லை. 1990-களின் நடுவில் அதை மூடிவிட்டுப் பேராலயத்தைப் பழைய வடிவிலேயே திரும்பக் கட்டியிருந்தார்கள். 2000 ஆகஸ்டில் அதற்கு அர்ச்சிப்பு நடந்தது. 103 மீட்டர் உயரம், பொன் பூசிய கும்மட்டம். மக்கள் கும்பிட்ட ஒரு கோயிலை வெடி வைத்துத் தகர்த்தது அநியாயம். அதைத் திரும்ப எழுப்பியதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனாலும் பனிக்காலத்தில் வேலை முடிந்து வந்து வெந்நீரில் மிதந்த அந்தப் பெண்களுக்கு ஊர் நடுவே இன்னொரு குளத்தை யாரும் தரவில்லை என்பதும் உண்மைதான்.

சோவியத்துகளின் மாளிகை எழவில்லை. அதற்காகக் கட்டிய மெட்ரோ நிலையம் மட்டும் எழுந்தது. 1935-இல் முதல் பாதையோடு திறந்தபோது அதன் பெயரே 'சோவியத்துகளின் மாளிகை'. அலெக்சேய் துஷ்கின், யாக்கவ் லிக்டன்பெர்க் இருவரும் வடிவமைத்தது. மாளிகைக்கு வரப்போகும் கூட்டத்தை மனத்தில் வைத்து நடைமேடையை அகலமாகப் போட்டிருந்தார்கள். தூண்களின் உச்சியில் விளக்கை ஒளித்து, வெளிச்சம் கூரையில் பட்டுக் கீழே இறங்கும்படி செய்திருந்தார்கள். 1957-இல் பெயர் க்ரபோத்கின்ஸ்கயா என்று மாறியது. எங்கள் காலத்தில் ஐந்து கோபெக் நாணயத்தைப் போட்டால் உள்ளே போகலாம். 1961-இலிருந்து அதே கட்டணம். மயக்கோவ்ஸ்கயா நிலையத்தின் கூரையில் ஓவியர் தெய்னேகாவின் 34 மொசைக் படங்கள், கம்சமோல்ஸ்கயாவில் அரண்மனைக் கூடம் மாதிரியான மண்டபம், எல்லாம் அந்த ஐந்து கோபெக்கிற்கு. விமானங்களும் பழ மரங்களும் பாராசூட்டில் இறங்குபவர்களும் நிறைந்த அந்தப் படங்களின் கீழே, காய்கறிப் பையோடு நின்று ரயிலுக்குக் காத்திருந்த பாட்டிகளைப் பார்க்கும்போது எனக்கு மனம் நெகிழ்ந்துபோகும். அரசன் வீட்டு அழகை எடுத்து வேலைக்குப் போகிறவர்களின் வழியில் வைத்திருந்தார்கள். பிரமாண்டமாகக் கட்டி, இன்றும் அதே வேலையை அதே மாதிரி செய்துகொண்டிருப்பவற்றில் மெட்ரோவும் ஒன்று.

எல்லாமே அப்படியில்லை. நீச்சல்குளத்தை வடிவமைத்தவர் திமித்ரி செச்சூலின். செஞ்சதுக்கத்துக்குப் பக்கத்தில் 1967-இல் திறந்த ரஸ்ஸீயா ஹோட்டலும் அவருடையதுதான். மூவாயிரத்துக்கு மேல் அறைகள், நடுவே 21 மாடிக் கோபுரம்; அந்நாளில் உலகின் மிகப் பெரிய ஹோட்டல்களில் ஒன்று. அது நின்ற இடத்துக்கும் ஒரு முன்கதை உண்டு. 1947 செப்டம்பர் 7 அன்று, மாஸ்கோவின் 800-ஆவது ஆண்டு விழாவில், எட்டு வானளாவிகளுக்கு ஒரே நாளில் அடிக்கல் நாட்டினார்கள். ஏழு எழுந்தன. எட்டாவது, ஸர்யாத்யே பகுதியில் செச்சூலின் கட்டத் தொடங்கியது, ஸ்டாலின் இறந்ததும் நின்றுபோனது. அதன் அஸ்திவாரத்தின் மேல்தான் ரஸ்ஸீயா உட்கார்ந்தது. அங்கே அதற்கு முன் சந்துசந்தாக இருந்த பழைய மாஸ்கோவின் குடியிருப்பு முழுக்கப் போய்விட்டது.

என்னைப் போன்றவர்கள் ஹோட்டலை வெளியிலிருந்துதான் பார்க்க முடிந்தது. வாசல்காரர் அனுமதிச் சீட்டைக் கேட்பார். மாஸ்கோக்காரர்களுக்கும் அதே கதிதான். புனித வசீலி ஆலயத்தின் வண்ணக் கும்மட்டங்களுக்குப் பின்னால் வெள்ளைச் சுவராக அது நீண்டு நிற்கும். எந்தக் கோணத்தில் படம் எடுத்தாலும் உள்ளே வந்துவிடும். அது போகும் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். 2006-இல் மூடினார்கள், இடித்தார்கள். பல ஆண்டுகள் வேலிக்குள் வெறும் மண். 2017 செப்டம்பரில் அங்கே ஸர்யாத்யே பூங்கா திறந்தது. நான் போன அன்று மாலை, ஆற்றின் மேல் வளைந்து நீட்டிக்கொண்டு திரும்பிவரும் அந்த நடைபாலத்தில் பள்ளிப் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். சீட்டு கேட்க ஆளில்லை. அந்த மாற்றத்தை நான் முழு மனதோடு வரவேற்கிறேன்.

போகாமல் நிற்பவையும் உண்டு. மாஸ்கோவின் கண்காட்சி மைதானத்திலே 'மக்கள் நட்பு' நீரூற்று அப்படி ஒன்று. 1954-இல் வைத்தது. பொன் பூசிய பெண் உருவங்கள் குடியரசுக்கு ஒன்று என்று சொல்லிக் காட்டினார்கள். எண்ணிப் பார்த்தால் 16. எங்கள் பாடப்புத்தகத்தில் குடியரசுகள் 15. 1956-இல் கரேலிய-ஃபின்னியக் குடியரசை ரஷ்யாவோடு சேர்த்துவிட்டார்கள், அதன் பெண் மட்டும் நீரூற்றிலேயே நின்றுவிட்டாள். இன்று அந்த 15-ம் 15 நாடுகள். நாட்டை விட்டுப் போனவர்களின் உருவங்கள் அத்தனையும் இன்னும் ஒன்றாகவே நிற்கின்றன.

இவ்வளவு பெரியவற்றைப் பற்றிச் சொல்லிவிட்டேன். ஆனால் எனக்கு மாஸ்கோ என்றால் நினைவில் வருவது நாவிய் செர்யோமுஷ்கிக்குப் பக்கத்தில் ஓர் ஐந்து மாடி வீடு. லிஃப்ட் இல்லாதது. எங்கள் ரஷ்ய மொழி ஆசிரியையின் வீடு, ஐந்தாவது மாடியில்.

அந்த வீடுகளின் பிறப்பே ஒரு தீர்மானத்தில்தான். 1955 நவம்பர் 4 அன்று, கட்டடங்களில் தேவையற்ற ஆடம்பரம் கூடாது என்று கட்சியும் அரசும் ஆணை போட்டன. ஸ்டாலின் கால வானளாவிகளின் தூணும் கூம்பும் சிலையும் அதோடு நின்றன. ஸ்டாலினுக்குப் பின் வந்த குருஷ்சேவுக்கு வேண்டியது வீடு. வேகமாக, மலிவாக, எல்லோருக்கும். பொறியாளர் வித்தாலி லகுத்தென்கோ வடிவமைத்த கே-7 வகையில் சுவரும் தரையும் தொழிற்சாலையிலேயே கான்கிரீட் பேனல்களாக வார்த்து லாரியில் வரும்; கிரேன் தூக்கி வைக்கும்; இரண்டு வாரத்தில் ஒரு கட்டடம் எழும்பிவிடும். ஐந்து மாடிக்கு மேல் போனால் லிஃப்ட் வைத்தாக வேண்டும், ஆகவே ஐந்தோடு நிறுத்தினார்கள். கூரை உயரம் இரண்டரை மீட்டர். குளியலும் கழிப்பும் ஒரே அறை. 25 ஆண்டு தாங்கினால் போதும் என்று கணக்கு, ஏனென்றால் 1980-க்குள் கம்யூனிசத்தின் அடித்தளம் முடிந்துவிடும், அப்போது எல்லோருக்கும் நல்ல வீடு வரும் என்று 1961-இல் கட்சித் திட்டத்திலேயே எழுதியிருந்தார்கள்.

நான் ஆசிரியையின் வீட்டுக்கு முதல்முறை போனது அந்தக் கெடு தாண்டிய பிறகு. சமையலறையில் மூன்று பேர் உட்கார்ந்தால் நாலாமவர் வாசலில் நிற்க வேண்டும். படிக்கிற பையன் என்பதால் டேப்பை எடுத்து அளந்து பார்த்தேன்: ஆறு சதுர மீட்டருக்கும் குறைவு. ஜன்னலுக்குக் கீழே வெளிச்சுவரைக் குடைந்து ஓர் அலமாரி. அங்கே மட்டும் சுவர் மெல்லிசு. அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை பாலும் வெண்ணெயும் ஊறுகாய் ஜாடியும் அதற்குள்தான். மின்சாரம் வேண்டாத குளிர்பெட்டி. உறைந்த மீனை வலைப்பையில் போட்டு ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டிருப்பார். கூடத்தில் இரண்டு பேனல்கள் சேரும் இடத்தில், வால்பேப்பர் அடியில் ஒரு கோடு தெரியும். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்ப்பார். ஈரம் தட்டினால் மறுநாளே குடியிருப்பு அலுவலகத்துக்குப் போய் நின்று, ஆள் வந்து ஜாயின்ட்டை அடைக்கும் வரை விடமாட்டார். அந்தப் படிக்கட்டில் இருந்த அத்தனை பேரும் அப்படித்தான்.

"இதைப் போய்ச் சின்ன வீடு என்கிறாயே" என்றார் ஒருநாள். அதற்கு முன் அவர் குடும்பம் இருந்தது ஒரு கூட்டுக் குடியிருப்பில். அறைக்கு ஒரு குடும்பமாக ஏழு குடும்பங்கள், ஒரே சமையலறை, ஒரே கழிப்பறை. வாசல் மணி இரண்டு முறை அடித்தால் இவர்களுக்கு, ஐந்து முறை அடித்தால் கடைசி அறைக்காரருக்கு. சமையலறையில் குடும்பத்துக்கு ஒரு பல்பு, ஒரு சுவிட்சு. இந்த வீட்டுச் சாவி கையில் கிடைத்த முதல் இரவு அவருடைய அம்மா படுக்கப் போகவேயில்லையாம். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தனியாக, தேநீர் போட்டுப் போட்டுக் குடித்துக்கொண்டிருந்தாராம்.

கதவு சாத்திய சமையலறையில்தான் ரஷ்யர்கள் மனம் விட்டுப் பேசினார்கள். எனக்கும் ஒருநாள் அது வாய்த்தது. லெனின் குன்றின் மேல் நிற்கும் மாஸ்கோ பல்கலைக்கழகக் கோபுரத்தை நான் வியந்து பேசிக்கொண்டிருந்தேன். லெவ் ருத்னெவ் வடிவமைத்தது, 240 மீட்டர், 1953-இல் திறந்தது. 1990 வரை ஐரோப்பாவில் அதைவிட உயரமான கட்டடம் கிடையாது. களிமண் சரிவின் மேல் அவ்வளவு எடையை நிறுத்த நிக்கலாய் நிகித்தின் கண்டுபிடித்த பெட்டி வடிவ அஸ்திவாரத்தை அந்த வாரம்தான் வகுப்பில் படித்திருந்தோம். ஆசிரியை எழுந்து குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே, "யார் கட்டினார்கள் என்று சொல்லிக்கொடுத்தார்களா?" என்று கேட்டார். கைதிகள். முகாம்களிலிருந்து கொண்டுவரப்பட்ட ஆயிரக்கணக்கானவர்கள். அவருடைய மாமா அதில் ஒருவர். பிற்பாடு ஆவணங்கள் வெளிவந்தபோது உலகம் அறிந்தது. கோபுரத்தின் மேல்மாடிகளிலேயே ஒரு முகாம் நடந்ததும் தெரியவந்தது. கட்டுமானம் படிக்கிறவன் அஸ்திவாரத்தைக் கேட்பதற்கு முன்னால் அதைத் தோண்டிய ஆளைக் கேட்க வேண்டும் என்று எனக்கு உறைத்தது அந்தச் சமையலறையில். அதன் பிறகு எந்தப் பெரிய கட்டடத்தையும் அந்தக் கேள்வி இல்லாமல் நான் பார்த்ததில்லை.

2018 ஜூனில் அந்தத் தெருவைத் தேடிக்கொண்டு போனேன். பாப்ளார் மரங்கள் வெடிக்கும் மாதம். இலவம்பஞ்சு மாதிரி வெள்ளையாகக் காற்றில் பறந்து முற்றமெல்லாம் ஓரங்களில் திரண்டு கிடந்தது. சுபோத்னிக் என்ற சனிக்கிழமைத் தன்னார்வ உழைப்பு நாட்களில் குடியிருப்பவர்களே நட்ட கன்றுகள் அவை. நான் இருந்தபோது மூன்றாவது மாடி ஜன்னலை எட்டியிருந்தன. இப்போது கூரையைத் தாண்டி நின்றன. வீடும் நின்றது. கெடு 25 ஆண்டு என்றால், அதைப் போல் இரண்டு மடங்கைத் தாண்டி நின்றது. மாளிகை வரைபடத்தோடு போயிற்று, ஹோட்டல் போயிற்று, குளம் போயிற்று. இடைக்கால ஏற்பாடு என்று சொல்லிக் கட்டியது, பால்கனிக்குப் பால்கனி வேறு வேறு கண்ணாடி போட்டுக்கொண்டு, துணி காயப்போட்டுக்கொண்டு உயிரோடு இருந்தது. நின்றதற்குக் காரணம் கான்கிரீட் மட்டும் இல்லை. விரலால் தடவிப் பார்த்தவர்கள் இருந்தார்கள்.

ஆனால் அதற்கும் நாள் குறித்தாகியிருந்தது. 2017-இல் மாஸ்கோ நகர நிர்வாகம் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட இப்படிப்பட்ட வீடுகளை இடித்து, சுமார் பத்து லட்சம் பேரைப் புதுக் கட்டடங்களுக்கு மாற்றும் திட்டத்தை அறிவித்தது. அந்த மே மாதம் ஆயிரக்கணக்கானவர்கள் சாகரவ் நிழற்சாலையில் கூடி எதிர்த்தார்கள். ஒரு காலத்தில் குடிசை என்று ஏசிய வீடுகளுக்காகத் தெருவில் இறங்கினார்கள். மரம் போகும், முற்றம் போகும், உயரமான கோபுரங்கள் நெருக்கி நிற்கும், சொந்த வீட்டின் மேல் உரிமை என்னாகும் என்று கேட்டார்கள். ஒவ்வொரு கட்டடத்திலும் வாக்கெடுப்பு. மூன்றில் இரண்டு பங்கு பேர் சம்மதித்தால்தான் பட்டியலில் சேரும்.

ஆசிரியையின் மகள் கதவைத் திறந்தாள். என் வயதுதான் அவளுக்கும். அம்மா இறந்து நான்கு ஆண்டாகிறது என்றாள். அதே சமையலறையில், அதே ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தோம். எதிர்த்து வாக்களித்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டு, இந்த மரங்களை வெட்டவா சம்மதித்தார்கள் உங்கள் கட்டடத்தில் என்று கேட்டேன்.

"நான் சம்மதம் என்றுதான் போட்டேன்" என்றாள். "கடைசி மூன்று குளிர்காலம் அம்மா கீழே இறங்கவேயில்லை. ஐந்து மாடி. முட்டி வேலை செய்யவில்லை. இந்த மரங்களை மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். அதன் அடியில் போய் உட்கார முடியவில்லை. ஒருநாள் உடம்புக்கு முடியாமல் போனபோது, ஸ்ட்ரெச்சர் படிக்கட்டில் திரும்பவில்லை. போர்வையில் வைத்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தூக்கிக்கொண்டு போனார்கள்."

இரண்டு பேனலுக்கு நடுவே லிஃப்ட் வைக்க இடமில்லை என்பது எனக்குத் தெரியும். வெளியே ஒட்டி லிஃப்ட் கட்டலாம், மரத்தையும் முற்றத்தையும் காப்பாற்றலாம், ஜெர்மனியில் பழைய பேனல் வீடுகளுக்கு அப்படிச் செய்திருக்கிறார்கள் என்று சொன்னேன். இன்றைக்கும் அதுதான் சரியான வழி என்று நினைக்கிறேன். "யாரும் எங்களிடம் அதைக் கேட்கவில்லையே" என்றாள். "இடிக்கட்டுமா, வேண்டாமா என்று மட்டும்தான் கேட்டார்கள்." அதற்கு என்னிடம் பதில் இல்லை.

தேநீரோடு செர்ரி ஜாம் வைத்தாள். பிறகு உள்ளே போய்ப் புது வீட்டின் வரைபடத்தை எடுத்துக்கொண்டு வந்து மேஜையில் விரித்தாள். இதே வட்டாரத்திலேயே தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சமையலறை இதைப் போல் ஒன்றரை மடங்குக்கு மேல் இருக்கிறது, இரண்டு லிஃப்ட். "நீ இன்ஜினியர்தானே. எத்தனை ஆண்டு தாங்கும், சொல்" என்றாள்.

வரைபடத்தை வைத்து அதைச் சொல்ல முடியாது என்றேன். எப்படி வார்க்கிறார்கள், அதன் பிறகு யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. முதல் குளிர்காலத்திலேயே எதையெல்லாம் சோதிக்க வேண்டும் என்று கேட்டாள். வெளிச்சுவர் மூலைகளில் கை வைத்துப் பார், குளிர்ச்சி மாறுபட்டால் உள்ளே இடைவெளி இருக்கிறது என்று அர்த்தம். ஜன்னல் சட்டத்தைச் சுற்றிக் காற்று வருகிறதா என்று மெழுகுவத்தி பிடித்துப் பார். காற்றுப்போக்கியில் ஒரு தாளை வைத்தால் அது ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். உத்தரவாதக் காலம் முடிவதற்குள் எழுத்து மூலமாகப் புகார் கொடு, வாயால் சொல்லாதே என்றேன். வரைபடத்தைத் திருப்பிப் போட்டு, அதன் பின்பக்கத்தில் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டாள்.